துணை அதிபர் வேட்பாளர் தேர்வு: அதிபர் வேட்பாளர் எதிர்கொள்ளும் முதல் சோதனை

அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிடுபவர் அளிக்கும் வாக்குறுதிகள் பல. ஆனால், வாக்குப்பதிவுக்கு முன்பே அவர் ஓர் அதிபரைப் போல் தாமே முடிவெடுத்து, அதன் விளைவையும் தாமே ஏற்க வேண்டிய தருணம் ஒன்றே. தம்முடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரைத் தேர்ந்தெடுப்பதே அது. கட்சி மாநாடு அம்முடிவுக்கு ஒப்புதல் அளிப்பது இன்று பெரும்பாலும் சம்பிரதாயமே.

இந்திய நடைமுறை இதிலிருந்து வேறுபட்டது. இங்கு குடியரசு துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனித் தேர்தலில் தேர்ந்தெடுக்கின்றனர். குடியரசுத் தலைவர் பதவி காலியானால், துணைத் தலைவர் அப்பொறுப்பைத் தற்காலிகமாக மட்டுமே வகிப்பார்; ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். 1969-இல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி அவ்வாறே பொறுப்பு வகித்தார். அமெரிக்காவிலோ, எஞ்சிய பதவிக்காலம் முழுமைக்கும் துணை அதிபரே அதிபராகிவிடுகிறார். இதுவரை ஒன்பது பேர் இவ்வாறு உயர்ந்துள்ளனர். எட்டு முறை அதிபரின் மரணமும், ஒரு முறை பதவி விலகலும் அதற்குக் காரணமாயின.

1945 ஏப்ரல் 12-ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலமானபோது, ஹாரி ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்களே ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அதன் பின்னரே அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. தம் உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், தமக்கு அடுத்து வரக்கூடியவரை ரூஸ்வெல்ட் ஆயத்தப்படுத்தவில்லை என்ற குறை இன்றளவும் கூறப்படுகிறது.

இத்தேர்வு ஒரு வேட்பாளரின் மதிப்பீட்டுத் திறனை எந்த அளவுக்கு வெளிப்படுத்தும் என்பதற்கு அதிகம் சுட்டிக்காட்டப்படும் நிகழ்வு 1972-இல் நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் மயாமி பீச் நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, தெற்கு டகோட்டா செனட் உறுப்பினர் ஜார்ஜ் மெக்கவர்னை அதிபர் வேட்பாளராக்கியது. வேட்பாளர் நியமனத்துக்கான போராட்டம் இறுதிவரை நீடித்ததால், துணை வேட்பாளர் குறித்துச் சிந்திக்க அவரது குழுவினருக்கு நேரம் கிட்டவில்லை. எட்வர்ட் கென்னடி மறுத்தார். வேறு சிலரும் மறுத்தனர். காலக்கெடு நெருங்கிய வேளையில், மிசௌரி செனட் உறுப்பினர் தாமஸ் ஈகிள்டன் தொலைபேசியில் அழைக்கப்பட்டார். அவர் உடனே இசைந்தார். கடந்த காலத்தில் சிக்கல் ஏதேனும் உண்டா என உதவியாளர் கேட்டபோது, இல்லை என்றார். விசாரணை அத்துடன் முடிந்தது.

ஈகிள்டன் 1960-க்கும் 1966-க்கும் இடையே மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். மின்னதிர்வு சிகிச்சையும் பெற்றவர். செய்தியாளர்கள் இதனை அறியத் தொடங்கியதும், ஜூலை 25-ஆம் தேதி மெக்கவர்ன் உடனிருக்க அவரே இதனை வெளியிட்டார். ஈகிள்டனை ஆயிரம் விழுக்காடு ஆதரிப்பதாக மெக்கவர்ன் அறிவித்தார். ஆனால், நாளேடுகளும் நன்கொடையாளர்களும் நெருக்கடி தரவே, சில நாள்களில் அவரது உறுதி தளர்ந்தது. ஜூலை 31-ஆம் தேதி ஈகிள்டன் விலகினார். அவர் வேட்பாளராக இருந்தது 18 நாள்களே. சார்ஜென்ட் ஷ்ரைவர் அவரது இடத்துக்கு வந்தார்.

ஈகிள்டனின் நோயை இதில் பெரும்பிழையாகக் கருத இயலாது. அவர் அதன்பின் இருமுறை மிசௌரி மக்களால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1987 வரை செனட்டில் பணியாற்றினார். உண்மையை மறைத்தது அவரது தவறு. விசாரிக்காமல் தேர்ந்தெடுத்ததும், உரத்த குரலில் உறுதியளித்துப் பின்வாங்கியதும் மெக்கவர்னின் தவறுகள். இரண்டாவது தவறே அவரைக் கூடுதலாகப் பாதித்தது எனலாம். நேர்மையையே முதலீடாக வைத்துப் போட்டியிட்டவர், சொன்ன சொல்லில் நிற்காதவராகக் காட்சியளித்தார். நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். இவ்விவகாரம் நிகழாதிருந்தாலும் நிக்சனே வென்றிருப்பார் என்பதில் ஐயமில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அத்தேர்தலில் நிக்சனுடன் வென்ற ஸ்பைரோ அக்னியூ, வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி 1973 அக்டோபரில் பதவி விலகினார். மோசமான தேர்வைச் செய்த இருவருள் ஒருவரையே வாக்காளர்கள் தண்டித்தனர். ஆகவே, தேர்தல் முடிவைக் கொண்டு ஒரு தேர்வின் தரத்தை அளவிடுவது பொருந்தாது.

1972-இன் அனுபவம் நடைமுறையை மாற்றியது. 1976-இல் ஜிம்மி கார்ட்டர், பரிசீலனையில் இருந்த சிலரைத் தமது சொந்த ஊரான பிளெய்ன்ஸுக்கே வரவழைத்து உரையாடி, பின்னரே வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். இப்போது வழக்கறிஞர் குழுக்கள் வரி ஆவணம், மருத்துவக் குறிப்பு, பழைய உரைகள் ஆகியவற்றை வாரக்கணக்கில் ஆராய்கின்றன. ஆயினும் ஆய்வுக்குழு தகவல்களைத்தான் தரும், முடிவு வேட்பாளருடையது. 2008 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, தமது 72-ஆவது பிறந்தநாளன்று, ஜான் மெக்கெய்ன் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை அறிவித்தார். பேலின் ஆளுநராகி இரண்டாண்டுகள்கூட நிறைவடையவில்லை. பராக் ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்று பரப்புரை செய்துவந்த மெக்கெய்னின் வாதத்தை அவரது சொந்தத் தேர்வே வலுவிழக்கச் செய்தது. ஜோ லீபர்மேனைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதற்கு வருந்துவதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

2020-இல் ஜோ பைடன் தேர்ந்தெடுத்த கமலா ஹாரிஸ், அதற்கு முந்தைய ஆண்டு விவாத மேடையில் அவரைக் கடுமையாக விமர்சித்தவர். தம்மைத் தாக்கியவரையே துணையாக ஏற்றதைப் பெருந்தன்மை என்றனர் சிலர். தேர்தல் கணக்கு என்றனர் வேறு சிலர். ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அப்போது செய்திகளில் இடம்பெற்றது. 2024 ஜூலை 21-ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, அந்த நான்கு ஆண்டு முந்தைய முடிவே கட்சியின் அடுத்த வேட்பாளரையும் ஏறக்குறைய தீர்மானித்துவிட்டது. ஹாரிஸ் தமக்கான துணை வேட்பாளராக மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை ஆகஸ்ட் 6-ஆம் தேதி அறிவித்தார். அத்தேர்வுக்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் 16 நாள்கள்.