மேடை நகைச்சுவையில் உரையாடல் விதிமீறல்

அன்றாடப் பேச்சில் எல்லோரும் சொல்லாமலே கடைப்பிடிக்கும் விதிகளை வேண்டுமென்றே மீறிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி உத்தி. அவ்விதிகளை வகுத்தவர் மெய்யியலாளர் பால் கிரைஸ். பேசுபவர் தேவையான அளவு, உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகப் பேசுவார் என்று கேட்பவர் நம்புவதாக 1967இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் அவர் விளக்கினார்.

அளவு விதியை மீறுவதில் தேர்ந்தவர் அமெரிக்கக் கலைஞர் மிட்ச் ஹெட்பெர்க் (1968–2005). முன்பு போதைப்பொருள் எடுத்ததாகச் சொல்வார். ‘முன்பு’ என்றதுமே, இப்போது விட்டுவிட்டார் என்று அரங்கம் முடிவுகட்டிவிடும். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கேட்டவர்களே நிரப்பிக்கொண்டது அது. இப்போதும் எடுப்பதாகவும், ஆனால் முன்பும் எடுத்ததாகவும் அடுத்து அவர் சேர்க்கையில் அந்த ஊகம் உடைந்து சிரிப்பு கிளம்புகிறது. இரண்டு கூற்றிலும் பொய் இல்லை என்பதே இதன் அழகு. இவ்வளவு குறைந்த சொற்களில் கிரைஸின் கோட்பாட்டை விளக்கும் எடுத்துக்காட்டு அரிது.

ஹெட்பெர்க் இறுதியில் தன் மீறலை வெளிப்படுத்திவிடுகிறார்; அப்படி வெளிப்படுத்தாமல் மறைத்தே வைத்தால் அது வெறும் ஏமாற்று.

ஹெட்பெர்க் தேவைக்குக் குறைவாகச் சொல்லி அளவு விதியை மீறினார் என்றால், மற்றோர் அமெரிக்கக் கலைஞரான ஆண்டி காஃப்மன் (1949–1984) தேவைக்கு மிக அதிகமாகச் சொல்லி எதிர்த்திசையில் சென்றார். நகைச்சுவை கேட்க வந்தவர்களுக்கு ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை உரக்கப் படித்தார். அவர்கள் கூச்சலிட்டபோதும் நிறுத்தவில்லை.