வீணையின் விரலசைவை எழுதிய எட்டயபுரம்

எட்டயபுரம், தாமிரபரணிக்கு வடக்கே கரிசல் நிலத்தில் உள்ள பழைய ஜமீன் ஊர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கர்நாடக இசையின் கமகங்களை விரிவான குறியீடுகளுடன் பதிவுசெய்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் இங்குள்ள வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சானது.

நூலாசிரியர் அரண்மனை வித்வான் சுப்பராம தீட்சிதர் (1839–1906). முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள்வழிப் பேரன். அவராலேயே சுவீகாரம் எடுக்கப்பட்டவர். நூல் உருவாகத் தூண்டியவர் சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார். அவர் 1893 முதல் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் வெளியிட்டார். கண்பார்வை குன்றிய நிலையில், தீட்சிதர் குடும்பத்திடம் இருந்த இசை அச்சேற வேண்டும் என்று எட்டயபுரம் மன்னரிடம் வேண்டினார். முதலியார் நூலைக் காண வாழவில்லை.

ஸ்வரத்தை எழுதுவது கடினமல்ல. ‘க’ என்று எழுதினால் எந்த ஸ்வரம் என்பது தெரியும். ஆனால் தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியாகாது. அந்த அசைவை எப்படி எழுதுவது? தீட்சிதர் வீணையையே வழிகாட்டியாகக் கொண்டார். தந்தியை அசைப்பது கம்பிதம், அதற்கு அலைக்கோடு. விரல் மேலே சறுக்குவது ஏற்ற ஜாரு, கீழே சறுக்குவது இறக்க ஜாரு, இவற்றுக்குச் சாய்கோடுகள். ஒரே மெட்டில் நின்று தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தை எழுப்புவது ஒடுக்கல். நொக்கு, ரவை, வளி, கண்டிப்பு என மற்றவையும் உண்டு. இவை கேட்கும் ஒலியை மட்டும் குறிக்கவில்லை, விரல் செய்யவேண்டிய வேலையையும் சொல்கின்றன. நூலின் சிறப்பு இதுவே.

நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. சென்னை மியூசிக் அகாதெமியின் தமிழ்ப் பதிப்பு 1961-ல்தான் வெளிவரத் தொடங்கியது. எட்டயபுரத்து நூலைத் தமிழ் எழுத்தில் படிக்க அரைநூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது!

கணினி வந்தபோது இதே சிக்கல் திரும்ப எழுந்தது. கிட்டார் இசையை எழுதும் மென்பொருள் ஆறு தந்திகளையும் ஒரே கணத்தில் ஒலித்தால் அது மீட்டலாகக் கேட்பதில்லை. கை கீழிறங்கும்போது தடித்த தந்தி முதலில் ஒலிக்கும், மெல்லிய தந்தி சில மில்லி விநாடிகள் கழித்து ஒலிக்கும். கை மேலேறும்போது வரிசை மாறும். அந்த இடைவெளியை எழுதினால்தான் கை இருப்பதுபோல் தோன்றும். வீணைக்கு இடைவெளி மட்டும் போதாது, ஒரே ஸ்வரத்துக்குள் சுருதியும் நகர வேண்டும். எம். சுப்ரமணியன் உருவாக்கிய ‘காயகா’ மென்பொருள், தட்டச்சு செய்த ஸ்வரங்களைக் கமகத்துடன் வீணை ஒலியில் வாசிக்கிறது. வீணைக் கலைஞருக்கு ‘ஒடுக்கல்’ என்ற ஒரு குறி போதும். கணினிக்கோ சுருதி எங்கே தொடங்கி, எவ்வளவு நேரத்தில், எங்கே போய் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும்.