நீரில் சர்க்கரையைப் பற்றும் செயற்கை ஏற்பிகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும்போல் பொருந்த வேண்டும் என்று 1894-இல் எமில் பிஷர் விளக்கினார். சர்க்கரைச் சேர்மங்களைப் பிளக்கும் நொதிகளை ஆராய்ந்தபோதே அவருக்கு இக்கருத்துத் தோன்றியது. ஆயினும் சர்க்கரை என்னும் அச்சாவிக்கு நீரிலும் பொருந்தும் செயற்கைப் பூட்டை உருவாக்க நெடுங்காலம் பிடித்தது. இத்தாழ்வுக்கு முதன்மைக் காரணம் நீரே என்பதையும், அதனை வேதியியலாளர் எதிர்கொண்ட வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நீர் என்னும் தடை

குளுக்கோஸ் மூலக்கூறில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அவை நீரைப் போலவே ஹைட்ரஜன் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. எனவே, சர்க்கரையை நீரிலிருந்து பிரித்தறிதல் ஏற்பிக்கு அரிதாகிறது. ஒரு லிட்டர் குருதியில் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோல் அளவே உள்ளது. ஒரு லிட்டர் நீரிலோ 55 மோல் நீர் மூலக்கூறுகள் உள்ளன. மேலும், குளுக்கோஸும் காலக்டோஸும் நான்காம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலின் திசையால் மட்டுமே வேறுபடுகின்றன. இயற்கையின் லெக்டின் புரதங்கள் பலவும் தனிச் சர்க்கரையைத் தளர்வாகவே பற்றுகின்றன.

கூண்டு வழி

1988-இல் அயோயாமா குழுவினர் ரைபோசைப் பற்றும் ஏற்பியை உருவாக்கினர். அது செயற்பட்டது கார்பன் டெட்ராகுளோரைடில், நீரில் அன்று. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அந்தோனி டேவிஸ் குழுவினர், அரோமாட்டிக் தளங்களை மேலும் கீழும், நீர்விரும்பும் தூண்களைப் பக்கங்களிலும் அமைத்த கூண்டுகளைப் படைத்தனர். இவற்றுள் ஒன்று 2007-இல் செல்லோபயோஸை நீரில் பற்றியது. 2019-இல் வெளியான மற்றொன்று குளுக்கோஸை வலுவாகப் பற்றியது.

பெப்டைடு வழி

போரானிக் அமிலம் பல ஹைட்ராக்சில்கள் கொண்ட சேர்மங்களுடன் நீரில் மீள்தன்மையுடன் பிணைவதை 1959-இல் லோரண்டும் எட்வர்ட்சும் அளந்தனர். ஆனால் எளிய போரானிக் அமிலங்கள் குளுக்கோஸைவிடப் பிரக்டோஸையே விரும்பின. தேர்வுத்திறனைத் தரச் சூழ்ந்து நிற்கும் ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. 1963-இல் மெரிபீல்டு வெளியிட்ட திண்மநிலைத் தொகுப்பு முறையால் பெப்டைடுகளை அமினோ அமிலம் அமினோ அமிலமாக மாற்றியமைத்தல் எளிதாயிற்று. 2010-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஹால் குழுவினர், பெப்டைடில் இரு பென்சோபோராக்சோல் தொகுதிகளை இணைத்துப் பல ஏற்பிகளை உருவாக்கிச் சோதித்தனர். புற்றணுக்களோடு தொடர்புடைய ஓர் இரட்டைச் சர்க்கரையைப் பற்றும் ஏற்பி அவற்றுள் கிடைத்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் ராவூ குழுவினர், சிஸ்டீன் கொண்ட குறும்பெப்டைடுகளை டைசல்பைடு பிணைப்பால் இணையவிட்டுச் சர்க்கரைக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தனர். இங்குப் போரான் இல்லை.

முடிவுரை

கூண்டு வழி பூட்டை முன்கூட்டியே திட்டமிடுகிறது. பெப்டைடு வழி பல பூட்டுகளைச் செய்து, சர்க்கரையைக் கொண்டே தேர்கிறது. முன்னதில் வலிமையும் பின்னதில் நெகிழ்வும் மிகுதி. குருதிச் சர்க்கரைக்கேற்பச் செயற்படும் இன்சுலினும், புற்றுநோயை முன்னரே காட்டும் கருவியும் இவ்வாய்வுகளின் இலக்குகள். அவை கைகூடுவது, தூய நீரில் பெற்ற தேர்வுத்திறனைப் புரதமும் உப்பும் பிற சர்க்கரைகளும் கலந்த குருதியிலும் ஏற்பிகள் காத்துக்கொள்வதைப் பொறுத்ததாகும்.