"அந்த மாதிரி ஆட்கள்" யார்?

பால்வினை நோய் பற்றிக் கல்லூரிகளில் பேசப் போனால் தவறாமல் வரும் கேள்வி: "இதெல்லாம் அந்த மாதிரி ஆட்களுக்குத்தானே வரும் அக்கா?" கேட்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது, தோழர்களே.

1868இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கென ஒரு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பாலியல் தொழில் செய்த பெண்கள் தங்கள் பெயரைப் பதிய வேண்டும், உடலைக் கட்டாயப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். பட்டாளத்துக்காரர்களின் உடல்நலத்தைக் காக்கத்தான் இத்தனையும். அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கோ அந்தச் சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லை. இங்கிலாந்தில் இதேபோன்ற சட்டத்தை எதிர்த்து ஜோசபின் பட்லர் போராடினார். அங்கே 1886இலும் இங்கே 1888இலும் சட்டம் போனது. பார்வை போகவில்லை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், காவல் இல்லத்தில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. வசதிகள் பெரிதாக இல்லாத காலத்தில் செய்த துணிச்சலான ஆய்வு அது, குறைசொல்ல மாட்டேன். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பிறகு எச்ஐவி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காவல் இல்லத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகே, 1990இல், அவர்கள் வெளியே வந்தார்கள்.

ஒரு கூட்டத்தை 'அசுத்தம்' என்று ஒதுக்கி வைத்துவிட்டால் தான் சுத்தமாகிவிட்டதாக நினைக்கும் புத்தி நமக்குப் புதிதா? சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே புத்திதான். கிருமிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 1959இலேயே காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். அறுபது ஆண்டு கழித்தும் மெடிக்கல் கடையில் ஆணுறை கேட்கக் கூச்சம். 2007இல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி வந்தபோது 'கலாச்சாரம் கெடும்' என்று பல மாநிலங்கள் அதை நிறுத்தின. அந்த வெற்றிடத்தில் லாட்ஜில் அறை எடுத்து 'இளமை ரகசியம்' விற்கும் வைத்தியர்கள் நன்றாகப் பிழைத்தார்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத்தான் இதில் சுமை அதிகம். வீட்டில் சொல்ல முடியாது, தனியார் மருத்துவருக்குக் கொடுக்கக் காசு இருக்காது. நண்பன் சொன்ன மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். மேகப்புண் வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். ஆனால் கிருமி ரத்தத்தில் இருக்கும். கிளாமிடியா, வெட்டை நோய் இரண்டும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருந்து, கவனிக்காமல் விட்டால் குழந்தைப்பேற்றையே பாதிக்கும். பால்வினைப் புண் இருந்தால் எச்ஐவி தொற்றுவதும் எளிது. குடிபோதையில் உறவு, ஆணுறை இல்லாமல் உறவு, 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத உறவு: ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மிரட்டலும் சாதித் திமிரும் கலந்த உறவில் ஒரு பெண் ஆணுறையை எப்படிக் கேட்பாள்?

2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியில் சொல்லக்கூடாது. எச்ஐவி இருப்பதைச் சொல்லிக் கல்லூரியிலிருந்து நீக்கவும் கூடாது. விடுதிக் காப்பாளர் 'சான்றிதழ் கொண்டு வா' என்றால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பால்வினை நோய்க்கான மருந்துக்கும் அங்கே காசு இல்லை. இணையரையும் கூட்டிப் போங்கள், ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் நோய் திரும்ப வரும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.