கையெழுத்தும் கைத்துப்பாக்கியும்

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்று ஒரு சிற்றூர். 1996 மார்ச் 13-ஆம் தேதி காலையில் அவ்வூர் ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஒரு மனிதன் நுழைந்தான். மூன்று நான்கு நிமிஷங்கள்தான். ஐந்தும் ஆறும் வயதான 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் மாண்டார்கள். கடைசியில் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அவன் கொள்ளைக்காரன் அல்ல. கள்ளத் துப்பாக்கி வாங்கியவனும் அல்ல. அவன் கொண்டுவந்த நான்கு கைத்துப்பாக்கிகளுக்கும் லைசென்ஸ் இருந்தது. 1991-லேயே ஒரு போலீஸ் அதிகாரி, இவனுடைய லைசென்ஸை ரத்துச் செய்வது பற்றி யோசிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். நடவடிக்கை தேவையில்லை என்று முடிவாயிற்று. லைசென்ஸும் புதுப்பிக்கப்பட்டது.

கைத்துப்பாக்கியையே ஒழிக்க வேண்டும் என்று கிளம்பியது ஓர் இயக்கம். அந்தப் பருவத்தில் பூக்கும் ஸ்நோடிராப் என்ற வெண்ணிறப் பூவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 7 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். எதிர்த் தரப்பிலும் நியாயம் பேசினார்கள். குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பழகிய ஆயிரக்கணக்கான கண்ணியமானவர்கள், ஒருவன் செய்த பாவத்துக்கு எங்களுக்கு ஏன் தண்டனை என்று கேட்டார்கள். மகாராணியின் கணவர் பிலிப் கோமகனோ, ஒருவன் கிரிக்கெட் மட்டையுடன் பள்ளிக்குள் புகுந்து அடித்தால் மட்டைகளைத் தடை செய்வீர்களா என்றார். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் நான்கு நிமிஷத்தில் மட்டையால் பதினேழு உயிரை வாங்க முடியுமா?

விசாரணை நடத்திய கல்லன் பிரபு, துப்பாக்கியின் முக்கிய பாகத்தைக் கழற்றிக் கழகத்தில் பூட்டிவைப்பது போன்ற நடுவழிகளைச் சொன்னார். பார்லிமெண்ட் அதையும் தாண்டிப் போயிற்று. 1997-இல் மேஜர் அரசாங்கம் பெரிய ரகங்களைத் தடுத்தது. அதே வருஷம் பிளேர் அரசாங்கம் மிச்சமிருந்த சிறிய ரகத்தையும் தடுத்தது. வட அயர்லாந்து நீங்கலாக நாடு முழுவதும் சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

பலன் என்ன? தடைக்குப் பிந்திய சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் குறையவில்லை; கூடின. பிறகுதான் இறங்கின. சட்டம் தோற்றது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். கணக்கு வாஸ்தவம். ஆனால் கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்தக் காலத்தில் லைசென்ஸ் கேட்டு வரிசையில் நின்றான்? இந்தச் சட்டம் அவனுக்காகப் பிறக்கவில்லை. லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு நம் தெருவிலேயே குடியிருக்கிறானே, அவனுக்காகப் பிறந்தது. டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டிஷ் பள்ளி எதிலும் அத்தகைய படுகொலை மறுபடி நடக்கவில்லை.

அதனால் சட்டம் முழு வெற்றி என்று கொண்டாடவும் மனம் வரவில்லை. 2010-இல் கம்ப்ரியா மாவட்டத்தில் ஒருவன் 12 பேரைக் கொன்றான். 2021-இல் பிளிமத் நகரில் ஒருவன் ஐந்து பேரைக் கொன்றான். இரண்டு இடத்திலும் கைத்துப்பாக்கி இல்லை. தடை தொடாத நீளத் துப்பாக்கிகள். இரண்டுக்கும் லைசென்ஸ் இருந்தது. பிளிமத் ஆசாமியிடமிருந்து முன்பே பறிமுதல் செய்த துப்பாக்கியைச் சில வாரங்களுக்கு முன்தான் போலீஸார் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

தடைச் சட்டம் ஒரு கதவைச் சாத்தியது, உறுதியாகவே சாத்தியது. மற்றக் கதவுகளின் சாவி இன்னமும் லைசென்ஸ் தாளில் கையெழுத்துப் போடும் அதிகாரியிடம்தான் இருக்கிறது. 1991-இல் வந்த அந்தக் கடிதத்தை ஒருவர் இன்னும் கொஞ்சம் கவலையோடு படித்திருந்தால், அந்தக் குழந்தைகள் இன்று முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.