பெட்டிக்குள் ஒரு வாசனை: பச்சிலை முதல் பாச்சை உருண்டை வரை



தை முடிந்தால் மணலியில் ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளிப் போர்வை எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். கூடவே நாலு பாச்சை உருண்டை. சிலர் வீட்டில் இதை அந்துருண்டை என்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலரது வீட்டிலோ துணி அலமாரியின் உட்புறம் முழுக்க 'செடார்' பலகை பதித்திருக்கும். இரண்டும் ஒரே வேலைக்குத்தான். இந்த வேலைக்கு மனிதர்கள் எதையெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால், அந்தக் கதைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வருகிறது, நம் மணலியும் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். கம்பளியில் ஓட்டை போடுவது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதம் அதற்கு உணவு. பட்டையும் சில சமயம் கடிக்கும். சுத்தமான பருத்தித் துணி அதற்கு உணவே இல்லை. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். கஞ்சி போட்ட வேட்டியையும் புத்தகத்தையும் அரிப்பது வேறு ஆள், இராமபாணப் பூச்சி.

இனி வரலாறு. லடாக் பக்கத்து ஆடுகளின் மெல்லிய மயிரைக் கொண்டு காஷ்மீரில் நெய்த சால்வைகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டின. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் (1798) பிறகு பிரான்சில் அந்த மோகம் இன்னும் ஏறியது. அவர் மனைவி ஜோசஃபினிடமே பல சால்வைகள் இருந்தன. நம் பட்டுப்புடவையில் வரும் மாங்காய் வடிவத்தை ஐரோப்பியர்கள் 'பெய்ஸ்லி' என்பதும் இந்தச் சால்வையால்தான். அதைப் பார்த்து நெய்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர் அது.

மாதக்கணக்கில் கப்பலில் போகும் கம்பளியைப் புழு தின்னாமலிருக்க, மடிப்புகளுக்கிடையே ஒரு செடியின் உலர்ந்த இலைகளை வைத்து அனுப்பினார்கள். அந்த வாசனை சால்வையோடு ஒட்டிக்கொண்டது. வாசனை இருந்தால்தான் அசல் காஷ்மீர் சால்வை என்று வாங்குபவர்கள் நம்ப ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அதே இலையைத் தருவித்துத் தங்கள் போலிச் சால்வைகளுக்கும் அந்த வாசனையை ஏற்றினார்கள். அந்த இலையின் பெயர் 'பச்சௌலி'. ஆங்கில அகராதிகள் இதற்குத் தமிழ் மூலத்தைக் காட்டுகின்றன. பச்சை, இலை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து விளக்குபவர்களும் உண்டு. செடியின் தாயகம் தென்கிழக்கு ஆசியா. பெயர் மட்டும் நம்முடையது. இன்று உலகம் முழுக்க சென்ட் பாட்டில்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

நம் பக்கத்தில் வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர் வைத்தார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாவற்றையும் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து ஓலைச்சுவடிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் உண்டு.

அமெரிக்காவில் செடார் என்று அலமாரியில் பதிப்பது உண்மையில் தேவதாரு அல்ல, ஜூனிப்பர் வகை மரம். பழைய நல்ல பென்சிலைச் சீவும்போது வந்த வாசனை நினைவிருக்கிறதா? அதுவும் இந்த மரத்தின் வாசனைதான். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் செடார் பெட்டி கொடுப்பது அங்கே ஒரு காலத்துச் சீர். அமெரிக்க வேளாண் துறை 1922-இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. இறுக மூடிய செடார் பெட்டியில் அப்போதுதான் பொரித்த புழுக்கள் சாகும். முட்டையும், ஓரளவு வளர்ந்த புழுவும், பூச்சியும் சாகாது. ஆகவே துணியை நன்றாகச் சுத்தம் செய்து வைத்தால்தான் பெட்டியால் பயன். மரத்தின் எண்ணெய் வற்ற வற்ற அந்தப் பயனும் குறைந்துவிடும்.

அடுத்து வந்தது நம் வெள்ளை உருண்டை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. அந்த வாயுவைத் தயாரிக்கும்போது மிஞ்சிய கழிவு, கருப்புத் தார். அதைக் காய்ச்சியபோது வெள்ளைப் படிகம் ஒன்று கிடைத்தது. 1821-இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் கிட் அதற்கு நாஃப்தலீன் என்ற பொருளில் பெயர் வைத்தார். பெயரின் வேர் 'நாஃப்தா'. மணலிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1969-இல் ஓடத் தொடங்கிய நம் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரிப்பதில் ஒன்று நாஃப்தா. பக்கத்து உர ஆலைக்குப் பல்லாண்டு மூலப்பொருளாக இருந்ததும் அதுவே. இரண்டும் வேறு பொருள்கள், பெயர்தான் உறவு. நம் நாட்டில் நாஃப்தலீன், பிலாய், ரூர்கேலா போன்ற எஃகு ஆலைகளின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்தது. கழிவிலிருந்து வந்ததால் விலை மலிவு. வீட்டுக்கு வீடு பரவியதற்கு அதுதான் காரணம்.

இப்போது முக்கியமான செய்தி. நாஃப்தலீன் ஆவி மூச்சிலும் தோலிலும் உடம்புக்குள் போகிறது. இதை விழுங்கிய குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வந்ததை 1949-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது பிறகு தெரிந்தது. இந்தக் குறை இந்தியாவிலும் உண்டு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். உருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. அது மூளையையே பாதிக்கலாம். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாஃப்தலீன் உருண்டையைத் தடை செய்துவிட்டது. நம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பெட்டியைத் திறந்து தாத்தாவின் பழைய வேட்டியையும் பாட்டியின் நூல்புடவையையும் எடுத்துக் கிழிக்கிறோம். அந்தப் பெட்டியில்தான் உருண்டை கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்துப்புழு அந்தப் பருத்தித் துணியைச் சீந்துவதே இல்லை!

எனவே என் வேண்டுகோள். குழந்தைக்கான துணியைத் தனியாக, எந்த உருண்டையும் இல்லாமல் வையுங்கள். உருண்டையோடு கிடந்த துணி பச்சிளம் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கம்பளியையும் பட்டையும் அழுக்கில்லாமல் சுத்தம் செய்து, ஈரம் போக உலர்த்தி வையுங்கள். கம்பளியை வருடத்தில் இரண்டு மூன்று முறை வெயிலில் போட்டு உதறுங்கள். பட்டை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். பாட்டிமார் செய்தது இதுதான். வேப்பிலை அதற்குத் துணை, அவ்வளவே.

பேறுகாலம் நெருங்கியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதை அவர் அம்மாவுக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன வைப்பார்கள் என்பதையும் எழுதுங்கள், எல்லாரும் தெரிந்துகொள்வோம்.