தெளிவு வேறு, தூய்மை வேறு

வைகையின் வடகரையில் அமைந்தது சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். 1895இல் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் வைகைப் பக்கம் திருப்பப்பட்டபின் வளம் மிகுந்த ஊர். பயிருக்கு நீர் வந்தது, உண்மை. ஆனால், பயிர் குடிக்கும் நீரெல்லாம் மனிதன் குடிக்கத்தக்க நீராகிவிடுமா?

புதுவெள்ளம் கலங்கி வந்தபோது தமிழர் என்ன செய்தனர்? பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தனர். சேறு திரண்டு அடியில் படிந்தது, மேலே நீர் தெளிந்து நின்றது. கலித்தொகைப் புலவர் இதனை உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார் என்றால், இதன் பழமையை எண்ணிப் பாருங்கள்! கோடையில் ஆறு வறண்டால் மணலில் ஊற்றுத் தோண்டினர். மணல் வடிகட்டித் தந்ததை முகந்து குடித்தனர். மந்திரத்தால் வந்தவை அல்ல இம்முறைகள். கண்டு, செய்து, பயனறிந்து கைக்கொண்டவை. இவற்றை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால், கண்ணின் எல்லையோடு நின்றுவிட்டது அந்த அறிவு. சேறு தெரிந்தது, கிருமி தெரியவில்லை. தெளிந்த நீரைக் குடித்தவன் வாந்திபேதியால் மாண்டான். 'தெய்வக் குற்றம்' என்றனர். கிடா வெட்டினர், பொங்கலிட்டனர். குற்றம் குடத்திலே, பரிகாரம் கோயிலிலே!

1884இல் கல்கத்தாவில், காலரா பரவிய பகுதியின் குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார் ராபர்ட் கோக். எட்டாண்டு கழித்து, 1892இல், செர்மனியில் உலகம் ஒரு பாடம் கற்றது. ஹாம்பர்க், அல்டோனா — அடுத்தடுத்த இரு நகரங்கள். இரண்டும் குடித்தது ஒரே எல்பே ஆற்று நீர். ஹாம்பர்க் வடிகட்டாமல் குடித்தது. 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்டோனா மணற்படுகையில் வடிகட்டிக் குடித்தது, பெரும்பாலும் தப்பியது. தெய்வத்தின் சினம் என்றால், நகர எல்லைக் கோட்டைக் கண்டு அது நின்றுவிடுமா? வைகை மணல் அறியாமல் செய்த பணியை, அல்டோனா அறிந்து செய்தது.

கண் சொன்ன தெளிவு ஒருபுறம் இருக்க, சாத்திரம் சொன்ன 'தூய்மை' ஒன்றும் இந்நாட்டில் உண்டு. 1927 மார்ச் 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட மக்களுடன் நீர் அருந்தினார். குளம் தீட்டுப்பட்டதாம்! சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் 108 குடம் கொட்டி, குளத்தைத் 'தூய்மை' செய்தனர் சனாதனிகள். மனிதன் கை பட்டால் தீட்டு. மாட்டின் கழிவு கலந்தால் தூய்மை! தீட்டென்ற சொல் நீரைக் காக்கவில்லை; சாதியைத்தான் காத்தது.

கிருமிக்குச் சாதி தெரியாது, சூடு தெரியும். நீர் தளதளவென்று கொதிக்கட்டும். ஒரு நிமிடமேனும் கொதிக்கட்டும். காலராக் கிருமி சாகும். ஆறியபின் மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல், பிடியுள்ள அகப்பையால் எடுங்கள். காய்ச்சிய நீரைக் கழுவாத கை கெடுத்துவிடும். விறகுக்கே வழியற்ற வீடாயின்? பழம் புடவையை நான்காக மடித்து வடிகட்டியதால், வங்கதேசச் சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. முழுக் காப்பு அன்று அது. ஆயினும் ஏழைக்கு எட்டிய காப்பு.

ஒன்றை மறக்கவேண்டாம். உவர்ப்பும் ஃபுளோரைடும் கொதித்தால் போகா. அவற்றை நீக்குவது அடுப்பின் வேலையன்று, ஆட்சியின் வேலை. வீட்டில் காய்ச்சுகிறோம் என்பதால் பேரூராட்சியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அடுப்படி பெண்ணுக்கே உரியது என்ற பழமையும் ஒழியட்டும். நீர் காய்ச்ச ஆடவருக்கும் கை உண்டு!

தோழர்களே! பகுத்தறிவை மேடையில் முழங்கினால் போதாது. நம் வீட்டுப் பானையிலும் அது இருக்க வேண்டும். அந்தப் பானையைப் பார்த்து, தெளிந்ததா என்று கேட்டால் போதாது; தீட்டா என்று கேட்பது மடமை; கொதித்ததா என்று கேட்பதே அறிவு!